ஸ்டாண்ட்அலோனை மூடித் திறந்தால் கஸ்டம் பிராப்பர்ட்டி பழைய மதிப்புக்குப் போய்விடுகிறது

கேள்வி, 17 மே 2025
லைவ்கோட் (அப்ளிகேஷன் எழுதும் மென்பொருள்) 9.6.3, விண்டோஸ் 10. டியூஷன் சென்டருக்கு ரசீது போடும் ஒரு சின்ன அப்ளிகேஷன். கடைசி ரசீது எண்ணை மெயின் ஸ்டாக்கின் (அப்ளிகேஷனின் திரைகளும் ஸ்கிரிப்டும் இருக்கும் முக்கியக் கோப்பு) கஸ்டம் பிராப்பர்ட்டியில், அதாவது நானே பெயர் வைத்து அதோடு ஒட்டிய ஒரு மதிப்பில், வைத்திருக்கிறேன். எடிட்டருக்குள் ஓட்டினால் எண் அப்படியே நிற்கிறது. ஸ்டாண்ட்அலோன் (எடிட்டர் இல்லாமல் தனியாக ஓடும் புரோகிராம்) ஆக்கிய பிறகு, மூடித் திறந்தால் மறுபடி 1-இலிருந்து தொடங்குகிறது. கஸ்டம் பிராப்பர்ட்டி அழியாது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? இது லைவ்கோட்டின் பக் (பிழை) தானா?

பதில், 17 மே, இரவு 9.40
பக் இல்லை. கஸ்டம் பிராப்பர்ட்டி ஸ்டாக் கோப்போடு சேர்ந்து வாழ்வது. கோப்பு சேவ் ஆனால் அதுவும் சேவ் ஆகும், இல்லையென்றால் நினைவகத்தோடு போய்விடும். ஸ்டாண்ட்அலோனில் உங்கள் மெயின் ஸ்டாக் இன்ஜினோடு ஒட்டி ஒரே இயங்கு கோப்பாகிவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் கோப்பை அதுவே திருத்தி எழுத ஆப்பரேட்டிங் சிஸ்டம் விடாது. ஆகவே ஒவ்வொரு முறை திறக்கும்போதும், நீங்கள் பில்ட் செய்த அன்று என்ன மதிப்பு இருந்ததோ அதுதான் வரும்.

தீர்வு: ரசீது எண்ணைத் தனி ஸ்டாக் கோப்பு ஒன்றில் வையுங்கள், ஸ்டாண்ட்அலோனுக்குப் பக்கத்திலேயே. எண் மாறியதும் அந்த ஸ்டாக்கை சேவ் செய்யுங்கள். மெயின் ஸ்டாக்குக்கு வேலை அந்தக் கோப்பைத் திறப்பது மட்டும்.

17 மே, இரவு 9.55
எடிட்டரில் ஏன் நிற்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஸ்கிரிப்டைத் திருத்தும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்ட்ரோல் எஸ் அழுத்துகிறீர்கள். அந்த சேவில் பிராப்பர்ட்டியின் அப்போதைய மதிப்பும் கோப்புக்குள் போகிறது. தவிர, ஜன்னலை மூடினாலும் ஸ்டாக் நினைவகத்திலிருந்து இறங்கிவிடுவதில்லை. டெஸ்ட்ராய்ஸ்டாக் (மூடியதும் நினைவகத்திலிருந்து நீக்கச் சொல்லும் அமைப்பு) ஃபால்ஸாக இருந்தால் மறுபடி திறக்கும்போது பழைய நகலே எழுந்து வரும். சோதித்துப் பார்க்க எடிட்டரையே முழுசாக மூடுங்கள், "சேவ் செய்யவா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்புறம் திறந்தால் அங்கேயும் எண் போயிருக்கும்.

18 மே
நேற்று "பக்கத்திலேயே வையுங்கள்" என்று எழுதியது தவறு, திருத்திக்கொள்ளுங்கள். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் நிறுவினால் அந்த ஃபோல்டரில் சாதாரணப் பயனரால் எழுத முடியாது. தகவல் கோப்பின் இடம் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர். ஸ்பெஷல்ஃபோல்டர்பாத் ஃபங்ஷனிடம் "டாக்குமெண்ட்ஸ்" என்று கேட்டால் சரியான பாதையைத் தரும். விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் எல்லாவற்றிலும் அதே ஒரு வரி.

இதை அனுபவித்துத்தான் கற்றேன். என் மாமனாருக்கு வாடகைப் பாத்திரக் கடை. அண்டா, குண்டா, தாம்பாளம், ஜமக்காளம், பிளாஸ்டிக் நாற்காலி, பந்திக்கான நீள மேஜை. முகூர்த்த நாளில் எது எங்கே போயிருக்கிறது, எது திரும்பவில்லை என்று நோட்டில் தேடுவதற்குள் அடுத்த வண்டி வந்து நிற்கும். 2009-இல் ரெவல்யூஷனில் (அப்போது லைவ்கோட் என்ற பெயர் வரவில்லை, அது 2010-இல்) ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். தகவல் ஸ்டாக்கை புரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளேயே வைத்தேன். எக்ஸ்பியில் சரியாக ஓடியது. விண்டோஸ் 7 போட்ட பிறகு ஒரு விசித்திரம்: மாமனாரின் லாகினில் அண்டா 22, கடைப் பையனின் லாகினில் அண்டா 35. ஒரே கம்ப்யூட்டர், ஒரே புரோகிராம்.

காரணம் பிறகு புரிந்தது. பழைய வகை புரோகிராம் எழுதக்கூடாத இடத்தில் எழுதப் பார்த்தால் விண்டோஸ் பிழை எதுவும் காட்டாமல், அந்தப் பயனருக்கென்று இருக்கும் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற மறைவான ஃபோல்டருக்கு அதைத் திருப்பிவிடுகிறது. ஆளுக்கொரு நகல், ஆளுக்கொரு கணக்கு. இரண்டையும் கையால் ஒப்பிட்டுச் சரிசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது.

18 மே, இரவு
டாக்குமெண்ட்ஸில் முதல்முறை கோப்பு எப்படி வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். தொடங்கும்போது அங்கே கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஒரு காலி நகலைப் போடுங்கள். அந்தக் காலி நகலை எங்கே வைப்பது என்பதற்கு எனக்குப் பிடித்த வழி: தகவல் ஸ்டாக்கின் மொத்தக் கோப்பையும் பின்ஃபைல் யூஆர்எல் (கோப்பை ஒரு பைட்டும் மாறாமல் படிக்கவும் எழுதவும் லைவ்கோட் தரும் வழி) வழியாகப் படித்து, மெயின் ஸ்டாக்கின் ஒரு கஸ்டம் பிராப்பர்ட்டியிலேயே போட்டுவிடுவது. பிராப்பர்ட்டிக்கு எழுத்து, பைனரி என்ற பேதம் கிடையாது, படமோ முழுக் கோப்போ எதையும் வாங்கிக்கொள்ளும். முதல்முறை ஓடும்போது அதை எடுத்து அதே பின்ஃபைல் வழியாக டாக்குமெண்ட்ஸில் எழுதினால் போதும். எழுத முடியாத மெயின் ஸ்டாக்குக்கு விதைநெல்லைக் காப்பாற்றி வைக்கும் வேலை நன்றாகப் பொருந்துகிறது.

இந்த "இல்லையென்றால்" மிக முக்கியம். அதை விட்டுவிட்டு, புதிய வெர்ஷன் நிறுவும்போதெல்லாம் காலிக் கோப்பை மேலே எழுதிவிட்டால் வாடிக்கையாளரின் மொத்தத் தகவலும் போய்விடும்.

19 மே
எப்போது சேவ் செய்வது? மூடும்போது ஒருமுறை செய்தால் போதாதா என்கிறீர்கள். போதாது. 2012-இல் தமிழ்நாட்டில் இருந்த மின்வெட்டு எல்லோருக்கும் நினைவிருக்கும். யூபிஎஸ் பேட்டரி செத்துப்போன ஒரு மாலையில், காலை முதல் போட்ட பதிவுகள் அத்தனையும் போயின, ஏனென்றால் நான் க்ளோஸ்ஸ்டாக்கில் (ஸ்டாக்கை மூடும்போது வரும் செய்தி) மட்டும் சேவ் வைத்திருந்தேன். கரண்ட் போனால் க்ளோஸ்ஸ்டாக் வராது. மறுநாள் மாமனார் வண்டி ஓட்டுபவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அன்றிரவே ஒவ்வொரு பதிவுக்கும் சேவ் என்று மாற்றினேன்.

உங்கள் ரசீதுக்கும் அதே. எண்ணைக் கூட்டு, சேவ் செய், த ரிசல்ட் (சேவ் தோற்றால் பிழைச் செய்தி வரும் இடம்) காலியாக இருக்கிறதா என்று பார், அப்புறம் பிரிண்ட். இந்த வரிசை மாறினால் ஒரே எண்ணில் இரண்டு ரசீது வெளியே போகும்.

சேவ் நடக்கும்போதே கரண்ட் போனால்? லைவ்கோட் பழைய கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு அலைக்கோட்டை (~) சேர்த்து ஒதுக்கி வைத்துவிட்டு, புதியது முழுசாக எழுதி முடிந்த பிறகுதான் அதை அழிக்கும். ஸ்டாக் திறக்க மறுத்தால் முதலில் ஃபோல்டரில் அந்த அலைக்கோட்டோடு ஒரு கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். என்னை இரண்டு முறை காப்பாற்றியிருக்கிறது.

23 மே
இன்னொரு நண்பர் கேட்டது: "பிராப்பர்ட்டியில் போட்டேன், எடுத்தால் காலி. சேவ் எல்லாம் சரி."

பெரும்பாலும் எழுத்துப்பிழை. இல்லாத கஸ்டம் பிராப்பர்ட்டியைக் கேட்டால் லைவ்கோட் பிழை காட்டாது, காலியைத் தரும். தவறான பெயரில் எழுதினாலும் திட்டாது, அந்தப் பெயரில் புதிதாக ஒன்றை உண்டாக்கிவிடும். வேரியபிளை அறிவித்தே ஆக வேண்டும் என்ற கண்டிப்பான அமைப்பை இயக்கினாலும் பிராப்பர்ட்டி பெயர்களை அது பார்ப்பதில்லை. தமிழ்ச் சொல்லை ரோமன் எழுத்தில் பெயராக வைக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது தனிக் கண்ணி. யுஇருப்பு என்று ஒரு ஸ்கிரிப்டில், யுஇருபு என்று இன்னொன்றில். ஒரு 'பி' குறைந்ததில் இரண்டு பிராப்பர்ட்டிகள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு மட்டும் பரவாயில்லை, அதை அது கண்டுகொள்ளாது.

கஸ்டம்கீஸ் என்று கேட்டால் ஒரு பொருளில் இருக்கும் எல்லாப் பெயர்களும் வரிவரியாக வரும். சந்தேகம் வந்தால் முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

23 மே, பிறகு
அவருடையது எழுத்துப்பிழை இல்லையாம். ஸ்கிரிப்டை அனுப்பினார். பிராப்பர்ட்டியின் பெயர் ரசீது, அதே ஹேண்ட்லரில் (ஒரு செய்தி வந்தால் ஓடும் ஸ்கிரிப்ட் பகுதி) ரசீது என்று ஒரு வேரியபிள், அதில் 118. அப்படி இருந்தால் லைவ்கோட் வேரியபிளுக்குள் இருக்கும் மதிப்பைத்தான் பிராப்பர்ட்டியின் பெயராக எடுத்துக்கொள்ளும். அதாவது "118" என்ற பெயரில் ஒரு பிராப்பர்ட்டி உண்டாகியிருக்கிறது. மறுநாள் "119". கஸ்டம்கீஸ் எடுக்கச் சொன்னேன், எண்களாக ஒரு பட்டியல் வந்தது, ஏலச்சீட்டு நோட்டு மாதிரி.

பிராப்பர்ட்டிக்கு முன்னால் யு, லோக்கல் வேரியபிளுக்கு முன்னால் டி என்று எழுதும் வழக்கம் இதற்காகத்தான் பயன்படுகிறது. இரண்டும் மோதவே மோதாது. லைவ்கோட் தனக்கென்று வைத்திருக்கும் பெயர்களோடும் மோதாது.

1 ஜூன்
கஸ்டம் பிராப்பர்ட்டி எனக்கு ஏன் இவ்வளவு பிடிக்கும் என்றும் எழுத வேண்டும், பிரச்சினைகளையே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பாத்திரக் கடை புரோகிராமில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பட்டன், மேலே படம். மாமனாருக்குப் படித்துத் தேடப் பொறுமை இல்லை, படத்தைத் தொட்டால் போதும். அண்டாவின் இருப்பு, வாடகை, உடைந்தால் எவ்வளவு என்பதெல்லாம் அந்த அண்டா பட்டனின் பிராப்பர்ட்டிகள். தகவல் எங்கேயோ ஒரு அட்டவணையில் இல்லை, பொருளின் மேலேயே இருக்கிறது. அவர் கடையில் ஒவ்வொரு அண்டாவின் விளிம்பிலும் பெயரும் எண்ணும் வெட்டியிருப்பார், அது தொலைந்தாலும் எந்தக் கடைப் பாத்திரம் என்று தெரியும். அதே மாதிரி. ஸ்கிரிப்டில் "த யுஇருப்பு ஆஃப் பட்டன் அண்டா" என்று எழுதும்போது, நான் நினைப்பதும் எழுதுவதும் ஒன்றாக இருந்தது. வேறு எந்த மொழியிலும் எனக்கு அந்த உணர்வு கிடைத்ததில்லை.

அதே குணம் ஒருமுறை கடித்தது. பட்டனை நகலெடுத்தால் பிராப்பர்ட்டிகளும் சேர்ந்தே வரும். புதிதாக வாங்கிய பெரிய குண்டாவுக்கு, அண்டா பட்டனை நகலெடுத்துப் பெயரையும் படத்தையும் மட்டும் மாற்றினேன். கடையில் இருந்தது 6 குண்டா, திரை சொன்னது 40. ஆவணி முகூர்த்தம் ஒன்றுக்கு 15 தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டார்கள். மீதி 9-ஐப் பக்கத்து ஊர்க் கடையிலிருந்து அதிக வாடகைக்கு எடுத்துக் கொடுத்தோம். அதற்குப் பிறகு புதுப் பட்டன் உண்டாக்க ஒரு தனி ஹேண்ட்லர், அதன் முதல் வரியே இருப்பைப் பூஜ்ஜியமாக்குவது.

8 ஜூன்
பில் அட்கின்சன் 5-ஆம் தேதி காலமானார் என்று படித்தேன். இந்த இழையில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமல் இருக்க முடியவில்லை. 1987-இல் அவர் ஆப்பிளில் உருவாக்கிய ஹைப்பர்கார்டிலிருந்துதான் ஸ்டாக், கார்டு (ஸ்டாக்கில் உள்ள ஒரு திரை) என்ற சொற்களே வந்தன. அதன் ஸ்கிரிப்ட் மொழியான ஹைப்பர்டாக் டான் விங்க்லர் எழுதியது. அதன் வழியில் ஸ்காட் ரேனியின் மெட்டாகார்டு, அதன் மேல் எடின்பரோவில் ரெவல்யூஷன், அதுவே லைவ்கோட்.

நம் கேள்விக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. ஹைப்பர்கார்டில் சேவ் செய்வது என்ற கவலையே கிடையாது. ஃபீல்டில் எழுதினால் அது தானாகவே டிஸ்க்குக்குப் போய்விடும். கஸ்டம் பிராப்பர்ட்டி அங்கே இல்லை, ஆகவே கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃபீல்டில் தகவலை ஒளித்து வைப்பார்கள். கஸ்டம் பிராப்பர்ட்டி அந்த ஒளித்த ஃபீல்டை ஒழித்தது, ஆனால் தானாகச் சேவ் ஆகும் வசதி கூட வரவில்லை. "அழியாது" என்ற பேச்சு அந்தக் காலத்து நினைவிலிருந்து வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அட்கின்சன் செய்தது சரியான முடிவு. எழுதியது நிற்க வேண்டும் என்றுதான் எழுதுகிறவர் எதிர்பார்க்கிறார்.

9 ஜூன்
தமிழ் எழுத்து பற்றிக் கேட்டவருக்கு. 7-ஆம் வெர்ஷனிலிருந்து (2014) கவலை இல்லை, ஃபீல்டிலிருந்து எடுத்துப் பிராப்பர்ட்டியில் போடலாம், அப்படியே வரும். அதற்கு முன்னால் ஃபீல்டின் டெக்ஸ்டைக் கேட்டால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாக வரும். யூனிகோட்டெக்ஸ்ட் என்று கேட்டு, வந்த யூடிஎஃப்-16 (யூனிகோட் எழுத்தைப் பைட்டுகளாக எழுதும் ஒரு முறை) பைட்டுகளைப் பிராப்பர்ட்டியில் வைத்து, திரும்பக் காட்டும்போது அதே வழியில் போட வேண்டும். எச்டிஎம்எல்டெக்ஸ்ட் இன்னொரு வழி, அதில் க என்பது 2965 என்ற எண்ணாகப் போய் உட்காரும். நீளமாக இருந்தாலும் எந்த எடிட்டரில் திறந்தாலும் கெடாது.

பழைய ஸ்டாக்கைப் புதியதில் திறப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிராப்பர்ட்டியில் கிடக்கும் அந்த யூடிஎஃப்-16 பைட்டுகளுக்குத் தாம் தமிழ் என்று தெரியாது. டெக்ஸ்ட்டிகோட் (பைட்டுகளை எழுத்தாக்கும் ஃபங்ஷன்) கொடுத்து ஒருமுறை மாற்றி எழுதிவிட வேண்டும். "தமிழ்" என்ற சொல்லின் நீளம் பழைய பைட் கணக்கில் 10, மாற்றிய பிறகு 3. த, மி, ழ். இருபது வருடமாகக் கம்ப்யூட்டரிடம் எதிர்பார்த்த கணக்கு அது, முதல்முறை 3 என்று திரையில் வந்தபோது மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

14 ஜூன்
கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: தனி ஸ்டாக், டாக்குமெண்ட்ஸ், உடனே சேவ். ரசீது எண் நிற்கிறது. அடுத்து மாணவர் பட்டியல், கட்டணப் பாக்கி எல்லாவற்றையும் அதே ஸ்டாக்கில் பிராப்பர்ட்டிகளாக வைக்கப் போகிறாராம்.

வேண்டாம் என்பேன். ஐந்து வருடம் முன்பு என்றால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

முதல் காரணம் வேகம். சேவ் என்றால் மாறிய பிராப்பர்ட்டியை மட்டும் எழுதுவதில்லை, மொத்த ஸ்டாக்கையும் எழுதுகிறது. பாத்திரப் படங்களோடு எங்கள் ஸ்டாக் வளர வளர, ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு இழுவை தெரிந்தது. ஒரு எண்ணை மாற்ற எல்லாப் படங்களையும் மறுபடி எழுதிக்கொண்டிருந்தது.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் பெரியது. 2013-இல் பொதுமக்கள் நிதி கொடுத்து லைவ்கோட் திறந்த மூலமானது, அதை நம்பித்தான் பலரும் உள்ளே வந்தோம். 2021 ஆகஸ்ட் 31-உடன் இலவசக் கம்யூனிட்டி பதிப்பு நின்றது. கைவசம் இருக்கும் பதிப்பு ஓடுகிறது, ஓப்பன் எக்ஸ்டாக் என்று ஆர்வலர்கள் தொடர்கிறார்கள், சரி. ஆனால் அந்தச் செய்தி வந்த இரவு எனக்குத் தோன்றியது ஒன்றே: மாமனாரின் பன்னிரண்டு வருடக் கணக்கு, இந்த ஒரு மென்பொருள் மட்டுமே திறக்கத் தெரிந்த கோப்புக்குள் கிடக்கிறது. பழைய நோட்டுகளை இன்றும் அலமாரியிலிருந்து எடுத்துப் படிக்கலாம்.

பதிவுகள் எஸ்க்யூலைட்டில் (ஒரே கோப்பில் அடங்கும் சின்ன டேட்டாபேஸ்) போகட்டும், அல்லது டேப் பிரித்த யூடிஎஃப்-8 டெக்ஸ்ட் கோப்பில். ஜன்னல் இருந்த இடம், கடைசி ரசீது எண், பிரிண்டர் பெயர் போன்றவை பிராப்பர்ட்டியில் இருக்கலாம். பாஸ்வேர்டு மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம், ஸ்டாக் கோப்பைச் சாதாரண எடிட்டரில் திறந்தாலே எழுத்துகள் தெரியும்.

15 ஜூன்
"கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் பிராப்பர்ட்டீஸ் சர்வீஸ் இருக்கிறதே, அதில் சேவ் பிரச்சினையே இல்லையே" என்று ஒருவர். உண்மை, எழுதியதும் நிற்கும். ஆனால் ஒரு மதிப்புக்கு 9 கேபி, ஒரு ஸ்டோருக்கு மொத்தம் 500 கேபி என்று வரம்பு, எல்லாமே எழுத்துச் சரம்தான். அளவே சொல்லிவிடுகிறது, அது அமைப்புகளுக்கான இடம், பதிவேடு இல்லை.

2 ஜூலை
எஸ்க்யூலைட்டுக்கு மாற்றினால் ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் திருப்பி எழுத வேண்டுமே என்று கேள்வி கேட்டவர் தயங்குகிறார். நானும் அதற்குத்தான் ஒரு வருடம் தயங்கினேன். "த யுஇருப்பு ஆஃப்" என்று எங்கள் ஸ்டாக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் இருந்தது.

ஒரு வரியையும் தொட வேண்டியதில்லை. கெட்பிராப், செட்பிராப் என்று இரண்டு ஹேண்ட்லர் இருக்கின்றன. பிராப்பர்ட்டியை யாராவது கேட்டால் கெட்பிராப் செய்தி அந்தப் பட்டனுக்குப் போகும், அங்கே ஹேண்ட்லர் இல்லையென்றால் கார்டுக்கு, அப்புறம் ஸ்டாக்குக்கு. ஸ்டாக் ஸ்கிரிப்டில் யுஇருப்புக்கு ஒரே ஒரு கெட்பிராப் எழுதினேன். த டார்கெட் எந்தப் பட்டன் என்று சொல்லும், அதன் பெயரை வைத்து டேட்டாபேஸிலிருந்து எண்ணை எடுத்துத் திருப்பித் தரும். செட்பிராப் அதே மாதிரி எழுதும்.

செட்பிராப்பில் ஒரு எச்சரிக்கை: கடைசியில் பாஸ் (செய்தியை மேலே போகவிடும் கட்டளை) போடாவிட்டால் பிராப்பர்ட்டியில் மதிப்பு ஏறாது. பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. நமக்கு இங்கே அதுதான் வேண்டும், மதிப்பு டேட்டாபேஸுக்குப் போனால் போதும், ஆகவே வேண்டுமென்றே பாஸ் போடவில்லை.

3 ஜூலை
நேற்று எழுதியதில் விட்டது. மாற்றுவதற்கு முன், பட்டன்களில் ஏற்கெனவே இருக்கும் எண்களை ஒருமுறை டேட்டாபேஸுக்குக் கொண்டுபோக வேண்டும். கெட்பிராப்பை முதலில் எழுதிவிட்டால் பழைய எண்ணைக் கேட்டாலும் டேட்டாபேஸின் காலிதான் வரும். லாக் மெசேஜஸ் (இப்படிப்பட்ட செய்திகளைத் தற்காலிகமாக நிறுத்தும் கட்டளை) போட்டால் கெட்பிராப் அழைக்கப்படாது, பட்டனில் உள்ள உண்மையான மதிப்பு கிடைக்கும். அப்படித்தான் 64 பட்டன்களையும் சுற்றி வந்து எடுத்தேன். எடுத்த பட்டியலை அச்சிட்டு மாமனாரிடம் கொடுத்தேன். கடைக்குள் போய் ஒவ்வொரு அடுக்காக எண்ணி, டிக் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு தாம்பாளம் குறைவு. அது யார் வீட்டில் இருக்கிறது என்று தனக்குத் தெரியும் என்றார்.